முதலில் அந்தக் கதையை வாசியுங்கள், சாமி

திருவிழாக்களில் மறையுரை ஆற்ற வரும் தந்தையர்க்கு,

ஸ்தோத்திரம். போன வருடம், விசுவாசத்துக்காக உயிர்விட்ட ஒரு மறைசாட்சியின் திருவிழாத் திருப்பலிக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். மறையுரை 50 நிமிடம். செல்போன், சீரியல், பிள்ளை வளர்ப்பு எல்லாம் வந்தது. யாருக்காகக் கொடி ஏற்றினோமோ அவர் பெயர் இரண்டே தடவைதான் வந்தது. பக்கத்திலிருந்த பாட்டி தூங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வட ஆப்பிரிக்காவில் இதை வேறு மாதிரி செய்தார்கள். மறைசாட்சிகளின் நினைவு நாளில் அவர்கள் பாடுபட்ட வரலாற்றைக் கோயிலிலேயே வாசிக்கலாம் என்று 397இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் விதித்தார்கள். முதலில் வாசிப்பு, அப்புறம்தான் மறையுரை. மறைசாட்சியான புனித வின்சென்ட் திருநாளில், அந்நாட்டு ஆயரான புனித அகுஸ்தினார், நீண்ட வாசகம் கேட்டாயிற்று, பகலோ குறுகியது, நானும் நீட்டினால் தாங்கமாட்டீர்கள் என்கிற பொருளில் சொல்லிவிட்டு, சுருக்கமாக முடித்துக்கொண்டார். ஜனவரி மாதத்துப் பகல் அது.

மார்ச் 7 பெர்பெத்துவா, பெலிசித்தா திருநாள். இருவரும் 203இல் கார்த்தேஜில் கொல்லப்பட்டவர்கள். பெர்பெத்துவாவுக்கு வயது 22 இருக்கும், கையில் பால்குடி மாறாத குழந்தை. காவலில் அவரே எழுதிய குறிப்பு இன்றும் இருக்கிறது. மனதை மாற்ற வந்த அப்பாவிடம், அங்கே கிடந்த ஒரு குடுவையைக் காட்டி, இதை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா என்று கேட்கிறார். முடியாது என்கிறார் அப்பா. அப்படித்தான் நானும், கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்கில்லை என்கிறார் மகள். கண்ணைப் பிடுங்குவதுபோல் மேலே பாய்கிறார் அப்பா. இந்த வரலாற்றைக் கேட்டு முடித்த கூட்டத்திடம்தான் அகுஸ்தினார் பேசினார். இரண்டு பெண்களின் பெயரையும் சேர்த்தால் லத்தீனில் ‘நிலையான பேரின்பம்’ என்று வரும். அதை வைத்துச் சிலேடையும் ஆடினார். நம் ஆட்களுக்குச் சிலேடை கசக்குமா என்ன?

திருப்பலியில் விவிலியம் தவிர வேறு வாசகம் கூடாது என்பீர்கள். சரி. ஜெபமாலை முடிந்து பூசை தொடங்குவதற்கு முன், அந்த வரலாற்றை வாசிக்கப் பத்து நிமிடம் கிடைத்தால் போதும்.

ஓரியூரில் தலை வெட்டுண்ட மறைசாட்சி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), 1693 பிப்ரவரியில் அங்கே சிறையிலிருந்து எழுதிய கடிதம் நம்மிடம் இருக்கிறது. வருகிற பிப்ரவரி 4ஆம் தேதி வரும் அவர் திருநாளுக்கு நன்றாக வாசிக்கிற ஒரு பிள்ளையை மட்டும் நீங்கள் பார்த்துவையுங்கள். பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பங்குமகன்