குவிமாடம் அழகுதான், ரயில் எத்தனை மணிக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் நடுத்தர நகரங்களில் உள்ள பழைய ரயில் நிலையங்களைப் பற்றித் தங்கள் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரையில் படங்கள் நன்றாக இருந்தன. கட்டடம் பார்க்கப் போகிறவருக்கு அது போதும். ரயில் ஏறப் போகிறவருக்குப் போதாது. பிள்ளைகளைப் பார்க்க வந்து ஆறு மாதம் தங்குகிற பெற்றோர் பலர், ஒரு தடவையாவது ஆம்ட்ராக்கில், அதாவது இந்த நாட்டின் நெடுந்தூரப் பயணிகள் ரயிலில், போய்ப் பார்ப்போம் என்று கிளம்புகிறார்கள். அந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் நடுராத்திரியில் தவிப்பார்கள்.

கட்டுரை முதலிடம் கொடுத்த சின்சினாட்டி யூனியன் டெர்மினலையே எடுத்துக்கொள்வோம். 1933-இல் திறந்தது. முன்கூடத்தின் அரைக்குவிமாடம் 180 அடி அகலம், 106 அடி உயரம். உள்ளே மஞ்சளும் ஆரஞ்சுமாக வளையங்கள், பக்கச் சுவர்களில் வினோல்ட் ரைஸ் வடிவமைத்த வண்ணச் சில்லு ஓவியங்கள். நாளொன்றுக்கு 216 ரயில்கள், 17,000 பயணிகள் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். இன்று அங்கே நிற்கும் ரயில் ஒன்றே ஒன்று: நியூயார்க்கும் சிகாகோவும் இரு முனைகளாக ஓடும் கார்டினல். அதுவும் வாரத்தில் மூன்று நாள்தான். சிகாகோ போகிற வண்டி இரவு ஒன்றரை மணியைத் தாண்டி வரும், நியூயார்க் போகிறது விடியற்காலை மூன்றே கால், மூன்றரை வாக்கில். கட்டடத்தின் பெரும்பகுதி 1990 முதல் அருங்காட்சியகம். பகலில் அங்கே கூட்டம் இருக்கும், ஆனால் ரயில் இருக்காது.

தண்டவாளங்களுக்கு மேலே நீண்டிருந்த காத்திருப்புக் கூடம் 1974-இல் இடிக்கப்பட்டது. லாரி டிரெய்லர்களைச் சுமந்த சரக்கு வண்டிகள் அடியில் நுழைய உயரம் போதவில்லை என்பதுதான் காரணம். அந்தக் கூடத்துச் சுவர்களில் இருந்த தொழிற்சாலை ஓவியங்களில் 14-ஐப் பெயர்த்து விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ரயில் நிலையத்துச் சுவர் விமான நிலையத்துக்குக் குடிபோனதை விட அந்தக் காலத்து நிலவரத்தைச் சொல்ல வேறென்ன வேண்டும்?

நேரம் இப்படி அமைவதற்கு யாருடைய அலட்சியமும் காரணமில்லை. கார்டினல் காலையில் நியூயார்க்கில் கிளம்பி மறுநாள் காலை சிகாகோ சேர வேண்டும். மேற்கு வர்ஜீனியாவின் நியூ ரிவர் பள்ளத்தாக்கை வெளிச்சத்தில் கடக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்துவிட்டால் சின்சினாட்டிக்கு மிஞ்சுவது நள்ளிரவு. ஒமஹாவுக்கும் இதே கதி. அந்த ஊர் வழியாக ஓடும் கலிபோர்னியா ஜெஃபிர் என்ற ரயில் பிற்பகலில் சிகாகோவை விட்டு, ராக்கி மலைகளைப் பகலில் ஏறுவதற்காகக் காலையில் டென்வர் சேர்கிறது. ஆகவே ஒமஹாவில் மேற்கே போகும் வண்டி இரவு 11 மணி வாக்கில், கிழக்கே போகும் வண்டி அதிகாலை 5 மணி வாக்கில். கிளீவ்லாந்தில் எல்லா ரயிலும் நள்ளிரவுக்கும் காலை ஆறுக்கும் இடையில்தான் வந்து போகிறது. நீண்டதூர வண்டி மட்டுமே உள்ள ஊரில் நிலையம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தூக்கக் கலக்கத்தில்தான் பார்க்க முடியும்.

இதில் தேதிக் குழப்பம் ஒன்றும் உண்டு. இரவு 1.40 வண்டிக்குத் திங்கட்கிழமை என்று டிக்கெட்டில் இருந்தால், ஞாயிறு இரவு சாப்பிட்டுவிட்டு நிலையத்துக்குப் போக வேண்டும். திங்கள் இரவு போனால் வண்டி ஏற்கெனவே சிகாகோ சேர்ந்திருக்கும். மூன்று நாள் ரயில் என்பதால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கும் வழியில்லை.

சின்சினாட்டி நிலையத்தை வடிவமைத்த ஃபெல்ஹைமர், வாக்னர் நிறுவனத்தார்தான் பஃபலோ சென்ட்ரல் டெர்மினலையும் கட்டினார்கள். 1929-இல் திறந்தது, 17 மாடிக் கோபுரம். நகர மையத்திலிருந்து இரண்டரை மைல் தள்ளி. ஊர் அந்தப் பக்கம் வளரும் என்று எதிர்பார்த்தார்கள், வளரவில்லை. 1979-இல் ரயில்கள் நின்றுபோயின. இப்போது பஃபலோவுக்கு இரண்டு சிறு நிலையங்கள். நகரத்துக்குள் எக்ஸ்சேஞ்ச் ஸ்ட்ரீட், 2020-இல் புதிதாகக் கட்டியது, நன்றாகவே இருக்கிறது. மற்றொன்று புறநகரான டெப்யூவில். சிகாகோ போகும் லேக் ஷோர் லிமிடெட் டெப்யூவில் மட்டுமே நிற்கும். எக்ஸ்சேஞ்ச் ஸ்ட்ரீட் இருப்பது நயாகரா போகும் கிளைப் பாதையில், சிகாகோ வண்டி அந்தப் பக்கமே வராது. டிக்கெட்டில் பி.எஃப்.எக்ஸ் என்றால் நகரம், பி.யூ.எஃப் என்றால் டெப்யூ. இந்த மூன்றெழுத்தைப் பார்க்காமல் டாக்ஸி ஏறுகிறவர்கள் உண்டு.

வர்ஜீனியாவின் ரிச்மண்டில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். 1901-இல் கட்டிய மெயின் ஸ்ட்ரீட் நிலையம், மணிக்கூண்டோடு, நகர மையத்தில், நெடுஞ்சாலையில் காரில் போகிறவர் கண்ணுக்கு நேரே நிற்கிறது. 1975-இல் மூடி, 2003-இல் மீண்டும் திறந்தார்கள். ஆனால் நார்ஃபோக், கரோலினா, ஃபுளோரிடா வண்டிகள் எதுவும் அங்கே வருவதில்லை. அவை வடக்கே ஆக்கா சரக்கு யார்டை ஒட்டிப் பிரிந்து, ஊருக்கு மேற்காகச் சுற்றி ஜேம்ஸ் ஆற்றைக் கடந்துவிடும். நியூபோர்ட் நியூஸ் பாதை வண்டிகளுக்குத்தான் மெயின் ஸ்ட்ரீட். மற்ற எல்லாவற்றுக்கும் புறநகர் ஸ்டேபிள்ஸ் மில் ரோடு: 1975-இல் கட்டியது, தட்டைக் கூரை, சுற்றிலும் கார் நிறுத்துமிடம். கட்டுரையில் அழகான நிலையத்தின் படம் இருக்கிறது, பெரும்பாலோர் ஏறி இறங்கும் நிலையத்தின் பெயர் கூட இல்லை. குறியீடு ஆர்.வி.எம் என்றால் மெயின் ஸ்ட்ரீட், ஆர்.வி.ஆர் என்றால் ஸ்டேபிள்ஸ் மில்.

செயின்ட் லூயிஸ் யூனியன் நிலையம் (1894) பற்றிக் கட்டுரை சொன்னதெல்லாம் சரி, ஆனால் 1978 அக்டோபருக்குப் பிறகு அங்கே ஆம்ட்ராக் ரயில் வருவதில்லை. இப்போது அது ஹோட்டல், மீன் காட்சியகம். தண்டவாளங்கள் எல்லாம் முட்டுச்சந்து போல முடிவதால் ரயில்கள் பின்னோக்கி ஓட்டித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. சிகாகோவிலிருந்து வந்து தெற்கே தொடரும் வண்டிக்கு அது வீண் அலைச்சல். அதன்பிறகு கால் நூற்றாண்டு காலம் தற்காலிகக் கொட்டகையில் ஓட்டினார்கள். உள்ளூர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஆம்ஷாக்’, ஆம்ட்ராக் குடிசை என்று பொருள். 2008-இல் திறந்த கேட்வே நிலையம் மேம்பாலத்துக்கு அடியில் கண்ணாடியும் இரும்புமாக இருக்கிறது. அழகென்று சொல்ல மனம் வராது. ஆனால் பேருந்து அதே கட்டடத்தில், நகர ரயில் பக்கத்தில், சிகாகோவுக்குப் பகலிலேயே பல வண்டிகள். வேலைக்கு ஆகிற நிலையம் இதுதான்.

அழகும் வேலையும் சேர்ந்து அமைந்தது அபூர்வம். கான்சாஸ் சிட்டி அப்படி ஒன்று. 1914-இல் கட்டிய நிலையம், 95 அடி உயரக் கூரை, மூன்று பெரிய சரவிளக்குகள், நடுவே தொங்கும் கடிகாரம். 1980-களில் பாழடைந்து கிடந்ததை மீட்க, மிசௌரி, கான்சாஸ் இரு மாநிலங்களையும் சேர்ந்த மாவட்டங்கள் 1996-இல் விற்பனை வரிக்கு வாக்களித்தன. மாநில எல்லையைத் தாண்டி ஒரு வரி! 1999-இல் திறந்தார்கள், 2002-இல் ஆம்ட்ராக் திரும்பி வந்தது. வாசலிலேயே 2016 முதல் டிராம், கட்டணம் கிடையாது. செயின்ட் லூயிஸுக்குப் பகல் வண்டியும் உண்டு.

கட்டுரை தொடாமல் விட்ட ராச்செஸ்டரை நான் இதற்கு அடுத்து வைப்பேன். கிளாட் பிராக்டன் வடிவமைத்த 1914-ஆம் ஆண்டு நிலையத்தை 1960-களில் இடித்தார்கள். அதன்பின் 1978-இல் ஆம்ட்ராக்கின் அச்சில் வார்த்த மாதிரியான சிறு கட்டடம் வந்தது. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் இதே அச்சுதான். 2017-இல் திறந்த புதிய நிலையத்தின் வளைவுச் சன்னல்கள் பிராக்டனை நினைவுபடுத்தினாலும், அதன் உண்மையான பெருமை பிளாட்பாரத்தில் இருக்கிறது. அது பெட்டியின் வாசல் மட்டத்துக்கு உயர்ந்த பிளாட்பாரம். சுரங்க நடைபாதையில் போய் லிஃப்டில் ஏறினால் நேரே பெட்டிக்குள் நடந்துவிடலாம்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், அமெரிக்க நடுத்தர நகரங்களில் பெரும்பாலான பிளாட்பாரங்கள் தண்டவாளத்துக்கு 8 அங்குலம் மேலேதான். கிழக்குப் பகுதியில் ஓடும் ஒற்றை அடுக்குப் பெட்டியின் தரையோ ஏறத்தாழ 50 அங்குலம். நடுவே செங்குத்தான இரும்புப் படிகள், கீழே நடத்துநர் வைக்கும் ஒரு மஞ்சள் நிறப் படிப்பெட்டி. மூட்டு வலிக்காரர்களுக்கு இது சோதனை. மேற்கே ஓடும் இரட்டை அடுக்குப் பெட்டிகளில் கீழ்த்தளம் தாழ்வு, ஒரே ஒரு படிதான். பிளாட்பாரத்தை உயர்த்தினால் என்ன என்று கேட்கலாம். தண்டவாளம் சரக்கு ரயில் நிறுவனத்துடையது. 48 அங்குல உயரத்தில் விளிம்பு கட்டினால் அகலமான சரக்கு இடிக்கும். ஆகவே பயணிகள் ரயிலுக்கென்று தனித் தண்டவாளம் போட இடமும் பணமும் இருந்தால்தான் உயரப் பிளாட்பாரம். ராச்செஸ்டரில் அப்படிச் செய்தார்கள். 2018-இல் பழைய இரும்புக் கிடங்குக்குள் அமைத்த ராலே நிலையத்திலும் செய்தார்கள்.

சக்கர நாற்காலி வேண்டியவர்களுக்குத் தாழ்ந்த பிளாட்பாரத்தில் கையால் சுற்றி உயர்த்தும் தூக்கி இருக்கும். அதை இயக்க ஆள் வேண்டும் என்பதால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஊழியரே இல்லாத நிலையங்களும் உண்டு. அங்கே பயணச் சாமான் பெட்டியைப் பதிவு செய்து அனுப்ப முடியாது. பதிவு வசதி உள்ள நிலையத்தில் தலா 50 பவுண்டு வரை இரண்டு பெட்டிகளுக்குக் கட்டணமில்லை, 45 நிமிடம் முன்பே ஒப்படைக்க வேண்டும். ஏறும் நிலையம், இறங்கும் நிலையம், ரயில் மூன்றிலும் அந்த வசதி இருந்தால்தான் எடுப்பார்கள். விமானத்துக்குக் கட்டிய பெரிய பெட்டிகளோடு வருகிறவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையில் ஒஹாயோ மாநிலத் தலைநகர் கொலம்பஸின் ‘நிலைய வளைவு’ என்று வந்த படம், டேனியல் பர்னம் வடிவமைத்த யூனியன் நிலைய முகப்பில் எஞ்சியது. மற்றதை 1976-இல் இடித்துவிட்டார்கள். வளைவு மட்டும் ஒரு பூங்காவில் நிற்கிறது. அந்த ஊருக்கு 1979-க்குப் பிறகு பயணிகள் ரயிலே கிடையாது. ஆம்ட்ராக் தளத்தில் கொலம்பஸ் என்று தேடினால் ஒரு நிலையம் வரும். அது விஸ்கான்சின் மாநிலத்து கொலம்பஸ், சிகாகோவுக்கும் அப்பால். டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஒஹாயோ, அமெரிக்கா.