மூட்டை அதே, கலவை வேறு: பால்மாட்டுத் தீவனம் பற்றிய புகார்

அனுப்புநர்: கறவை மாடு வளர்ப்போர், பெகு, மியான்மர்
பெறுநர்: மேலாளர் அவர்கள், மாட்டுத் தீவன ஆலை

ஐயா,

தங்கள் தீவனம் இம்முறை வந்த மூட்டையில் அதே படம், அதே பெயர், அதே விலை. உள்ளே இருப்பது வேறு. ஒரு பிடி அள்ளித் தேய்த்தால் முன்பு குருணையாக உதிரும் மக்காச்சோளத்தைக் காணோம். வெள்ளை மாவு விரலில் ஒட்டுகிறது. பாகு வாசனை தூக்குகிறது. கேட்டதற்கு, சோளத்தை எடுத்துவிட்டுப் பாதிக்குப் பாதி நொய்யும், பத்தில் ஒரு பங்கு மொலாசஸும் (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) போட்டிருப்பதாகத் தங்கள் விற்பனையாளர் சொன்னார். ஷான் மாநிலச் சோளம் எல்லை தாண்டிப் போய் விலை ஏறினால் நொய்க்கு மாறுவது வியாபாரம்தான். சொல்லாமல் மாற்றியதும், மாவாக அரைத்ததுமே எங்கள் புகார்.

நாளுக்கு 5 பர்மா வீசை, அதாவது 8 கிலோ சொச்சம் தின்னும் கலப்பின மாட்டுக்கு இந்த நொய்யிலும் தவிட்டிலுமாக மாவுச்சத்து மட்டும் 3 கிலோவைத் தாண்டுகிறது. இதோடு வைக்கோலும் புல்லும் சேர்த்து மொத்தம் 12 கிலோ உலர்பொருள் (ஈரம் போக மிஞ்சும் எடை) தின்கிறது என்றால், அதில் நாலில் ஒரு பங்குக்கும் மேல். தாங்கக்கூடியதன் மேல் விளிம்பு அது. இரண்டே வேளையில், மாவாக உள்ளே போனால் தாங்காது.

பாகிலுள்ள சர்க்கரை பெருவயிற்றில் (மாட்டு இரைப்பையின் முதல் அறை) விழுந்த உடனே நொதித்து அமிலமாகும். நொய்மாவு அதன் பின்னாலேயே. சோளத்தின் கெட்டிப் பகுதியில் மாவுச்சத்தைப் புரதம் பொதிந்திருப்பதால் அது நின்று நிதானமாகத்தான் கரையும். அமிலத்தை அடக்குவது அசைபோடும்போது ஊறும் உமிழ்நீர், நாளுக்கு 100 லிட்டர் அளவுக்கு ஊறும். மாவுக்கு அசை ஏது? பெருவயிற்றின் பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று காட்டும் அளவு) 5.8க்குக் கீழே மணிக்கணக்கில் நின்றால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் ஒடுங்குகின்றன. 5ஐ ஒட்டிப் போனால் லாக்டிக் அமிலம் குவிந்து மாடு படுத்தே விடும்.

படுக்கும் நிலை வரவில்லை. ஆனால் 4 சதத்துக்குக் குறையாத பால் கொழுப்பு 3.4இல் நிற்கிறது, டீக்கடைக்காரர் தண்ணீர் கலந்தீர்களா என்கிறார். சாணி சாம்பல் நிறத்தில், நுரைத்து, புளித்த வாடையுடன் விழுகிறது. ஒரு கை சாணியை மாவுச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசினால் அரை அங்குலத்துக்கு மேல் நீளமான வைக்கோல் துண்டுகள் அப்படியே தங்குகின்றன; நடுவே குடல் சளி, தோல் உரிந்ததுபோல. “பூச்சி மருந்து கொடுங்கள்” என்கிறார் தங்கள் ஆள். பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மொலாசஸ் கெட்டது என்று சொல்ல வரவில்லை. மொத்த உலர்பொருளில் சர்க்கரை 5 முதல் 7 சதம்வரை, மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் சேர்த்தால் நார் செரிப்பதற்கே அது உதவும். இங்கே மாவுச்சத்தும் கூடியிருக்கிறது, அதன் தலையில் பாகும்.

பழையதோடு புதியதைக் கலந்து 10, 14 நாளில் மாற்றவும், முதலில் வைக்கோல், ஒரு வேளைக்கு ஒன்றரை வீசைக்கு மேல் வேண்டாம், நாளைக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள் என்று மூட்டையில் இரண்டு வரி அச்சடித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இப்போது மாட்டுக்கு 150 கிராம் சமையல் சோடா போட்டுச் சமாளிக்கிறோம். அந்தச் செலவும் எங்கள் தலையில்.

பிரிக்காத மூட்டைகளை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள். சீட்டில் புரதம், கொழுப்போடு மாவுச்சத்து, சர்க்கரை, நார் மூன்றையும் சதவீதத்தில் போடுங்கள். கலவை மாறினால் இரண்டு வாரம் முன்பே கடைக்குச் சொல்லுங்கள். நொய்யைச் சேர்த்தே தீருவதென்றால் மாவாக்காமல் உடைத்துப் போடுங்கள்.

பிரிக்காத மூட்டை ஒன்றைச் சோதனைக்கென்று தனியே வைத்திருக்கிறோம். ஆளை அனுப்பினால் அவர் முன்னாலேயே பிரிக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்கள்