முதலாமாண்டு பி.எஸ்சி. இயற்பியல்: வகுப்பு நடைமுறைகள்

அனைவருக்கும் வணக்கம். வரும் திங்கட்கிழமை காலை 9.30-க்கு முதல் வகுப்பு, மதியம் 1.30-க்கு ஆய்வகம். கீழே உள்ளதை முழுதாகப் படித்துவிடுங்கள்.

1. வருகை 75 சதவீதம் இருந்தால்தான் பருவத் தேர்வு எழுத முடியும். உடம்பு சரியில்லை என்றால் அன்றே எனக்குத் தகவல் சொல்லுங்கள்.

2. அகமதிப்பீடு 25, பருவத் தேர்வு 75.

3. ஆய்வகத்துக்குக் கோட்டு, அப்சர்வேஷன் நோட்டு, லாக் புத்தகம் (மடக்கை அட்டவணை), கால்குலேட்டர் கட்டாயம். ரெக்கார்டு நோட்டு அடுத்த வாரம் போதும்.

4. அளவீடுகளைப் பேனாவில் எழுதுங்கள். தப்பானால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம், அழிக்கக் கூடாது. தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி² வரவில்லை என்பதற்காக யாரும் எண்ணை மாற்ற வேண்டாம். வந்ததை எழுதி, காரணத்தைத் தேடுங்கள். ஸ்டாப்வாட்சை அழுத்தும்போதே 'ஒன்று' என எண்ணத் தொடங்கினால், 19 அலைவுகளை 20 என்று கணக்கிட்டுவிடுவோம், விடை 10.9-ஐ நெருங்கும். அந்தத் தவறைக் கண்டுபிடித்து எழுதுபவருக்கு நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன். அடுத்தவர் நோட்டைப் பார்த்து எழுதினால் அந்தச் சோதனைக்கு மதிப்பெண் கிடையாது.

5. வீட்டுக் கணக்குகளைச் சேர்ந்து பேசிப் போடலாம், எழுதுவது தனித்தனியாக. அலகு இல்லாத விடை பாதி விடைதான்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் தயங்க வேண்டாம். வகுப்பில் எந்தக் கேள்வியையும் தமிழிலேயே கேளுங்கள். வகை நுண்கணிதம் மறந்துபோனவர்களுக்குப் புதன் மாலை 3.30-க்குத் தனியாக ஒரு மணி நேரம் எடுக்கிறேன்.

படித்தவர்கள் ஞாயிறு மாலைக்குள் பெயர், பதிவு எண்ணுடன் 'சரி' என்று பதில் போடுங்கள். புதன் வகுப்புக்கு வருபவர்கள் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

– வகுப்பு ஆசிரியை