அக்காவின் வால்வு ஆபரேஷன் பற்றி ராமுவுக்கு

அன்புள்ள ராமு,

பேத்தி பிறந்த செய்தி கேட்டு இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். நான் ஓய்வு பெற்றாலும் கூப்பிட்டால் மயக்க மருந்து கொடுக்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். முழங்கால்தான் மாடிப்படி ஏற மறுக்கிறது.

சரி, அக்கா விஷயம். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வை மாற்றும்போது பக்கவாதம் வந்துவிடுமோ என்று கேட்டிருந்தாய். நியாயமான பயம்தான். இதயத்தை நிறுத்துவதைவிட, அதிலிருந்து கிளம்பி மூளைக்குப் போகக்கூடிய துணுக்குகளை நினைத்துத்தான் நாங்களும் அதிகம் பயப்படுவோம். ரத்தக்கட்டி, சுண்ணாம்புத் துகள், காற்றுக் குமிழி, இதில் எது போய் அடைத்தாலும் ஆபத்துதான்.

சின்ன வயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சல் அக்காவின் வால்வைச் சுருக்கிவிட்டது. அதனால் இடது மேலறை பெருத்து, துடிப்பும் தாறுமாறாகி, ரத்தம் தேங்குகிறது. அந்த அறையின் ஓரத்தில் காதுமடல் மாதிரி ஒரு சின்னப் பை உண்டு. கட்டி பெரும்பாலும் அங்கேதான் உருவாகும். அதனால்தான் இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பெருந்தமனியைக் கிளாம்ப் போட்டு அடைக்கும்வரை இதயத்தை அதிகம் புரட்டக் கூடாது. அப்புறம் அறையைத் திறந்து, கட்டி இருந்தால் எடுத்து, உப்புநீரால் அலசி, பையையும் அடைத்துவிடலாம். 2021-இல் வெளிவந்த லாவோஸ்-3 (LAAOS III) என்ற மருத்துவ ஆய்வில், துடிப்பு ஒழுங்கில்லாத 4,800 பேர் வரை இருந்தார்கள். சுமார் நான்கு ஆண்டுகளில் பக்கவாதமோ வேறு உறுப்பில் அடைப்போ வந்தது, பையை அடைத்தவர்களில் 4.8 சதவீதம், அடைக்காதவர்களில் 7 சதவீதம். உலோக வால்வு வைப்பவர்களை அதில் சேர்க்கவில்லை. அக்காவுக்குத் திசு வால்வு என்பதால் சர்ஜனிடம் இதைக் கேட்டுவிடு.

இதயத்தை நிறுத்தியிருக்கும்போது அதன் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் மெஷினுக்குள் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து, உறையும் நேரம் 480 வினாடியைத் தாண்டியதா என்று பார்த்த பிறகே ஓட்டுவோம். திரும்பி வரும் ரத்தம் வடிகட்டி வழியாகத்தான் வரும். பெருந்தமனியில் குழாய் செருகுமிடத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்பதை விரலால் தடவிப் பார்த்தால் போதாது, தமனிமேல் நேராக அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

காற்று விஷயம் பிசிக்ஸ் வாத்தியாரான உனக்குப் பிடிக்கும். திறந்த நெஞ்சுக்குள் கார்பன் டை ஆக்சைடை மெதுவாக விட்டுக்கொண்டே இருப்போம். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் குழிக்குள் தங்கி, காற்றை வெளியே தள்ளிவிடும். நைட்ரஜனைவிட இருபது மடங்குக்கு மேல் ரத்தத்தில் கரையும், அதனால் குமிழியாகப் போனாலும் சீக்கிரம் மறைந்துவிடும். குமிழி குறைவது எக்கோவில் கண்கூடு. பக்கவாதம் குறைகிறதா என்பதற்கு உறுதியான ஆதாரம் இன்னும் இல்லை. ஆனாலும் செலவு சொற்பம், நான் அதை விட்டுக்கொடுப்பதில்லை.

கிளாம்ப் எடுப்பதற்கு முன்னும் பின்னும்தான் நிஜமான வேலை. நான் நுரையீரலை ஊதி, அதன் நாளங்களில் தங்கிய காற்றை இதயத்துக்குள் தள்ளுவேன். மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்துவோம். பெருந்தமனி தொடங்குமிடத்தில் வைத்த வெண்ட் என்ற குழாய் காற்றை உறிஞ்சும். உணவுக்குழாய் வழியாக இறக்கிய எக்கோவில் வெள்ளைப் புள்ளிகள் பறந்துகொண்டே இருக்கும். அவை அடங்கும்வரை வெண்டை எடுக்க விடமாட்டேன். எவ்வளவு வடித்தாலும் இதயத் தசைக்கு ரத்தம் தரும் வலது கரோனரி தமனிக்குள் கொஞ்சம் காற்று போய்விடுவதுண்டு. படுத்திருப்பவருக்கு அதன் வாய் மேல்பக்கம் இருக்கிறது. ஈசிஜி மாறும், இதயத்தின் வலப்பக்கம் சோம்பும். பிரஷரைக் கொஞ்சம் ஏற்றி, மெஷினிலேயே பொறுமையாக வைத்திருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கை வேகமான சர்ஜன் என்று ஊரில் புகழ்வார்கள். தையல் போடும்போது வேகம் இருக்கட்டும், இந்த நேரத்தில் எனக்கு நிதானமான ஆள்தான் வேண்டும்.

அக்காவைப் பல் டாக்டரிடம் காட்டியாயிற்றா? சொத்தைப் பல் இருந்தால் முன்கூட்டியே சரிசெய்துவிட வேண்டும், புது வால்வில் கிருமி தொற்றக்கூடும். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். எக்கோ ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பு, பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
செல்வம்