தண்ணீர் வண்டியோடு ஏணியும் வரவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வளைகுடா நாட்டுத் துறைமுகம் ஒன்றில் 19 வருடம் தீயணைப்பு வேலை செய்துவிட்டு இப்போது கல்லடியில் இருக்கிறேன். மட்டக்களப்புக்கும் அம்பாறைக் கரையோர ஊர்களுக்கும் தீயணைப்பு வண்டி பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எத்தனை லீற்றர் தண்ணீர் கொள்ளும் என்றுதான் கேட்கிறார்கள். ஏணியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் கவலை.

விடுமுறையில் வந்திருந்த ஒரு வருடம், கரையோர ஊர் ஒன்றில் புடவைக் கடைக்குத் தீப்பிடித்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். வண்டி வந்தது, தண்ணீரும் அடித்தார்கள். மேல்மாடியில் கடைப் பொடியன்கள் இரண்டு பேர் நின்று கத்துகிறார்கள், வந்த வண்டியில் அவ்வளவு உயரத்துக்கு ஏணி இல்லை. பக்கத்து வளவில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேசன்மாரின் மூங்கில் ஏணிகள் இரண்டைச் சேர்த்துக் கட்டித்தான் அவர்களை இறக்கினோம். ஒரு பொடியனுக்குக் கை இரண்டும் வெந்துபோயிருந்தது. தண்ணீர் அடித்தவர்களில் பிழை சொல்லமாட்டேன், அவர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள்.

லண்டனிலும் ஒரு காலம் இப்படித்தான் இருந்தது. 1833இல் அங்கே காப்புறுதிக் கம்பனிகள் சேர்ந்து ஒரு தீயணைப்புப் படையை அமைத்தன. ஜேம்ஸ் பிரெய்ட்வுட் அதற்குத் தலைவர். கட்டடத்துக்கும் சரக்குக்கும் நட்டம் வராமல் பார்ப்பதுதான் கம்பனிகளின் நோக்கம். ஆட்களை இறக்கச் சில்லு வைத்த பெரிய ஏணிகளை வீதி முனைகளில் இரவிரவாக நிறுத்தி வைத்தது வேறொரு தரும சங்கம். தண்ணீர் ஒருவர் கையில், ஏணி இன்னொருவர் கையில். 1861இல் ரூலி வீதிப் பெருந்தீயில் சுவர் விழுந்து பிரெய்ட்வுட்டே இறந்துபோனார். காப்புறுதிக் கம்பனிகளால் இனித் தாங்க முடியாது என்றான பிறகு, 1866இல் நகருக்கென்று பொதுப் படை தொடங்கியது. அடுத்த வருடமே அந்த ஏணிகளையும் அது பொறுப்பெடுத்தது.

அமெரிக்க நகரங்களில் தண்ணீர்க் குழு வேறு, ஏணிக் குழு வேறு. தண்ணீர்க் குழு குழாயை இழுத்துத் தீக்குப் போகும். ஏணிக் குழு கதவை உடைக்கும், அறை அறையாக ஆள் தேடும், புகை வெளியேறக் கூரையையோ யன்னலையோ திறந்துவிடும். இந்தத் திறக்கிற வேலையில் மிகவும் கவனம் வேண்டும். தண்ணீர் தயாராக முன்னரே திறந்தால் காற்று உள்ளே போய்த் தீ இன்னும் மூளும். திறக்காமலே விட்டால் உள்ளே இருக்கிறவர் புகையில் முடிந்துவிடுவார். ஆகவே இரண்டு குழுவும் ஒரே வாய்ச்சொல்லில் நடக்கவேண்டும். இரண்டையும் ஒரே குழுவாக, ஒரே தலைவரின் கீழ் வைத்துப் பார்த்த நகரங்களும் இருக்கின்றன.

பிறகு வண்டியையே ஒன்றாக்கினார்கள். பம்பு, தண்ணீர்த் தொட்டி, குழாய், கை ஏணிகள், இயந்திரத்தில் எழும்பும் நீள ஏணி என்று ஐந்தும் ஒரே வண்டியில். சென்ற் லூயிஸ் நகரம் 1980களின் பிற்பகுதியில் தன் தண்ணீர் வண்டிகளையெல்லாம் இந்த வகைக்கு மாற்றியது. ஆனால் வண்டி ஐந்து வேலை செய்யும் என்பதற்காக அதில் வருகிற நாலு பேர் எட்டுப் பேர் ஆகிவிடுவார்களா? குழாயைப் பிடிப்பதா, ஏணியை வைப்பதா என்று அவர்கள் வாசலில் நின்று ஒன்றைத் தெரிவு செய்யவேண்டி வரும். இந்த வண்டியைப் பற்றி அங்கே தீராமல் நடக்கிற வாதமே இதுதான்.

சரி, எங்களுக்கு எது பொருந்தும்? நியூயோர்க்கில் தண்ணீர் வண்டிக்குப் பின்னாலேயே ஏணி வண்டியும் வந்து நிற்கும். இங்கே கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். பின்னால் வருகிற வண்டியை நம்பி மாடியில் யாரும் நிற்க முடியாது. ஆகவே முதலில் வருகிற வண்டியிலேயே இரண்டும் இருக்கவேண்டும். அதற்காகக் கோடிக்கணக்கில் செலவழித்து இயந்திர ஏணி வாங்கத் தேவையில்லை. அதற்குக் கால் ஊன்ற அகலமான இடம் வேண்டும், மேலே மின்கம்பி இருக்கக்கூடாது. காத்தான்குடியின் உள் ஒழுங்கைகளில் அதை எங்கே நிறுத்துவது? நான் கேட்பது 13.5 மீற்றர் கை ஏணி. இங்கிலாந்துக்காரர் வருடக்கணக்காகப் பாவித்த சாமான், மூன்றாம் மாடி வரை போகும். அதைத் தூக்கி நிமிர்த்த நாலு பேர் வேண்டும். குழாய்க்கும் பம்புக்கும் நிற்கிறவர்கள் அதற்கு மேல். மூன்று பேரை ஏற்றி அனுப்பினால் அந்த ஏணி வண்டியின் முதுகில் சும்மா கிடக்கும்.

என் மகள் ரியூசன் கொடுக்கிற கட்டடத்தில் மூன்றாம் மாடியில் 60 பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரே படிக்கட்டு, எல்லா யன்னலுக்கும் இரும்புக் கிறில். நான் சொல்லிச் சொல்லி ஒரு யன்னலுக்கு மட்டும் உள்ளிருந்து திறக்கிற கொண்டி போட்டிருக்கிறார்கள். மற்றக் கட்டடங்களிலும் இதையாவது இப்போதே செய்யலாம்.

ஏணி பிடிக்கப் பழகுவது கடினமில்லை. ஆனால் கிழமைக்கு ஒரு தடவையாவது தூக்கிப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் கை மறந்துவிடும். எந்தச் சபை கூப்பிட்டாலும் காலையில் வந்து சொல்லிக்கொடுக்கிறேன், காசு எதுவும் வேண்டாம்.

ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.