கேடயம் இன்னும் இங்கேதான்

நேப்பியர், நியூசிலாந்து
23.10.2023

அன்பு மகளுக்கு,

இன்று தொழிலாளர் தின விடுமுறை. இந்த நாளில் தக்காளிக் கன்று நடாவிட்டால் ஊர் சிரிக்கும் என்று அம்மா காலையிலேயே மண்வெட்டியோடு இறங்கிவிட்டா. எனக்கு முதுகுவலி என்று சொல்லிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். வலி பாதி உண்மை.

"வீட்டை விற்றுவிட்டு மெல்பேர்னுக்கு வந்துவிடுங்கள்" என்று பெப்ரவரியில் சொன்னாய். பிறகு சொல்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் கதையை மாற்றினேன். நீ கோபித்ததும் சரிதான். புயல் வந்த அந்த 14ஆம் திகதி டூட்டாய்குரி ஆறு கரையை உடைத்ததையும், டாரடேலில் பாதிப் பேரை வீட்டை விட்டு எழுப்பியதையும் நீ செய்தியில்தான் பார்த்தாய். ரெட்கிளிஃப் துணை மின்நிலையம் வெள்ளத்தில் போனதால் ஊரே இருட்டு. ஹேஸ்டிங்ஸ் கூப்பிடு தூரம்தான், ஆனால் பாலங்களைக் கடக்க வழியில்லை. நாலு நாள் எங்கள் குரலைக் கேட்காமல் நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு பகோவாய் பக்கம் போய்ப் பார்த்தபோது, பறிக்க வேண்டிய ஆப்பிள்கள் மரத்திலேயே இருக்க, கிளை வரைக்கும் சேறு ஏறி நின்றது. அன்று மாலை நானும் விற்றுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஓகஸ்டில் மாகாணங்களுக்கு இடையிலான றக்பி போட்டி தொடங்கியது. மக்லீன் பார்க்கில் முதல் ஆட்டத்துக்குத் தனியாகப் போனேன். உன் பழைய கறுப்பு வெள்ளை ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு போனேன் (கேட்காமல் எடுத்ததற்கு மன்னித்துக்கொள்). பெரிய நட்சத்திரங்கள் எல்லோரும் உலகக் கிண்ணத்துக்குப் பிரான்ஸ் போகிற ஆண்டு, கூட்டம் ஒன்றும் பெரிதில்லை. ஹாரிஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்வரிசையில் ஒரு கிழவர், எஸ்க் பள்ளத்தாக்குக்காரர். வீட்டுக்குள் வந்த சேற்றை இன்னும் வாரிக்கொண்டிருக்கிறாராம். சிப்ஸ் பொட்டலத்தை என் பக்கம் நீட்டியபடி, எங்கள் ஹோக்ஸ் பே மாகாண அணியான மாக்பைஸின் ஸ்க்ரம் (பந்துக்காக இரு பக்கமும் தோள்கொடுத்துத் தள்ளுவது) ஏன் சரிகிறது என்று எண்பது நிமிடமும் பாடம் நடத்தினார். சேற்றைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு நான் சிப்ஸ் வாங்கிப் போனேன்.

செப்டெம்பர் 16ஆம் திகதி வெலிங்டனில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், அன்றிரவே "அப்பாாாா" என்று மட்டும் செய்தி அனுப்பினாய். 20க்கு 18. மாகாண அணிகள் மோதிப் பறித்துக்கொள்ளும் ரான்ஃபர்லி கேடயத்தைப் போன வருடம் எங்களிடமிருந்து எடுத்தவர்களிடமிருந்தே, அவர்கள் மண்ணிலேயே திருப்பி எடுத்தோம். கடைசி நிமிடங்களில் நான் டிவிக்கு முன்னால் நிற்கவில்லை. குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். அம்மாதான் பார்த்துச் சொன்னா.

இரண்டு நாள் கழித்து அது உடைந்துபோன செய்தி! 1902இலிருந்து ஊர் ஊராகப் போய்வந்த மரக்கட்டை, எங்கள் கைக்கு வந்த உடனே இரண்டு துண்டு. கீழே விழுந்துவிட்டது என்றார்கள். பொலிஸ் வரைக்கும் போனது. பழம் பொதியிடும் பேக்ஹவுஸில் தேநீர் நேரத்தில் வேறு பேச்சே இல்லை, கல்யாண வீட்டில் தாலியைத் தொலைத்த மாதிரி எல்லோர் முகமும். எனக்குக் கோபம் வந்தது உண்மை. பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிற சாமான் அது.

அம்மாவுக்கு இந்தக் கேடயக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை. கண்டியில் நான் வளர்ந்தபோது பார்த்த பள்ளி றக்பியின் பிராட்பி கேடயத்தில் றோயல், டிரினிட்டி கல்லூரிகள் இரண்டு முறை மோதும், புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் முடிந்தது. இது அப்படியில்லை. வைத்திருப்பவன் தன் வீட்டு மைதானத்தில் வருகிறவனிடமெல்லாம் பணயம் வைக்க வேண்டும், சமநிலையில் முடிந்தால் வைத்திருப்பவனிடமே இருக்கும். நொக்கவுட் ஆட்டங்களுக்குப் பணயம் கிடையாது.

அதனால்தான் சனிக்கிழமை அப்படி ஒரு விசித்திரமான நாள். காலை எட்டு மணிக்கு நியூசிலாந்து தேசிய அணியான ஓல் பிளாக்ஸ் உலகக் கிண்ண அரையிறுதியில், பாரிஸில் ஆர்ஜென்டீனாவை 44க்கு 6 என்று உருட்டினார்கள். எனக்கு அது மனதில் நிற்கவேயில்லை. நியூ பிளிமத்தில் மாகாணப் போட்டியின் எங்கள் இறுதி ஆட்டம்தான் தலைக்குள் ஓடியது. ஹோக்ஸ் பே ஒருமுறைகூட முதல் நிலைக் கோப்பையை வென்றதில்லை. ஓல் பிளாக்ஸ் வீரர் ஜோர்ஜ் நெபியா விளையாடிய காலத்தில், 1922 முதல் 1927 வரை, கேடயத்தை விடாமல் வைத்திருந்த மாகாணம், ஆனால் இந்தக் கோப்பை மட்டும் கைக்கு எட்டுவதில்லை. நெபியாவின் வைரோவாவும் இந்தப் புயலில் மூழ்கிய ஊர்தான். இந்த வருடமாவது கொடுப்பார்கள் என்று நம்பினேன், யார் கொடுப்பார்கள் என்று கேட்காதே.

தரனாக்கி 22, நாங்கள் 19.

அம்மா கேட்டா: "அப்போ கேடயத்தையும் கொடுத்துவிட வேண்டுமா?" இல்லை, அது எங்களிடம்தான் என்றேன். "பிறகேன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறீங்கள்?" என்று சோற்றைப் போட்டா.

சரி, உன் கேள்வி. அடுத்த ஓகஸ்டில் இங்கே வருகிற ஒவ்வொருவனும் கேடயத்துக்காகத்தான் வருவான். அதைப் பார்க்காமல் நான் எங்கேயும் வரமாட்டேன். அம்மாவும் தக்காளியோடு நிற்கவில்லை, ஒரு எலுமிச்சைக் கன்றும் வாங்கி வைத்திருக்கிறா. காய்க்க மூன்று வருடமாவது எடுக்கும் என்று நேர்சரியில் சொன்னார்களாம், அதைக் கேட்டுத்தான் வாங்கினா. நத்தாருக்கு வரும்போது அவவோடு இதைப் பற்றி நீயே கதை, எனக்குத் தைரியமில்லை. கராஜின் பின்சுவரில் வெள்ளம் நின்ற கோட்டுக்கு மேல் பெயின்ட் அடிக்க வேண்டும், அதற்கும் ஒரு கை தேவை.

ஸ்கார்ஃபைத் துவைத்துவிட்டேன். உனக்கு அனுப்பவா, அல்லது நானே வைத்துக்கொள்ளவா?

அன்புடன்,
அப்பா