முகாமில் மனச்சோர்வுப் பரிசோதனையை முறையாக நடத்தித் தொடர் சிகிச்சை அளிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
முகாம் வாழ் பெண்கள் குழுவினர்,
இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டங்களில் இதே பொருள் குறித்து முன்னர் அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் முகாம் தங்களுக்குப் புதிதன்று. குளத்துப் பக்கம் இன்னும் இடிக்கப்படாமல் நிற்கும் பத்துக்குப் பத்து அடி வீட்டு வரிசையையும், வருவாய்த் துறையினர் எங்கள் பெயர்ப் பதிவு எடுக்கும் சமுதாயக்கூடத்தையும் தாங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள். முந்தைய மனுக்களுக்குப் பதில் வராததால் மீண்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. மனச்சோர்வு உள்ளவர்களைக் கண்டறிய ஒரு சுகாதாரக் குழு முகாமுக்கு வந்தது. கடந்த இரண்டு வாரங்களில் நாட்டமின்மை, தூக்கமின்மை, பசியின்மை முதலியவை எந்த அளவுக்கு இருந்தன என்று ஒன்பது கேள்விகள் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் மேற்கொண்டு மருத்துவர் பார்ப்பது அதன் முறை. அந்த முறையில் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை.

2. கேட்ட இடமும் நாளும்தான் குறை. பதிவு எடுக்கும் நாளில், பதிவேடு விரித்திருந்த மேசைக்கு அடுத்த மேசையில், மாமியாரும் அயலாரும் வரிசையில் பின்னால் நிற்கையில், "செத்துப்போனால் நல்லது என்று தோன்றுகிறதா?" என்ற ஒன்பதாவது கேள்வியை எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்கள். பதிவில் பெயர் இருந்தால்தான் அரசு தரும் மாதாந்திரப் பணக்கொடை என்று வாழும் ஒரு பெண், மனம் சரியில்லாதவள் என்று இன்னோர் ஏட்டில் ஏறத் துணிவாளா? வெளியூரில் தங்கி வேலை செய்ய அனுமதி கேட்டுக் காத்திருக்கும் இளைஞன் துணிவானா? பெரும்பாலானோர் ஒன்பதுக்கும் "இல்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். இப்போது, முகாமில் பெரிய பாதிப்பு இல்லை என்று அறிக்கை போயிருப்பதாக வாய்மொழியாகச் சொல்கிறார்கள்.

3. அப்படியிருந்தும் சிலர் "ஓம்" (ஆம்) என்றார்கள். அவர்களில் ஒருவர், 1990-இல் மன்னாரிலிருந்து கைக்குழந்தையோடு படகேறி வந்து இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் இறங்கிய தாய். கூடவே புறப்பட்ட கணவர் என்ன ஆனார் என்பது இன்றுவரை தெரியாது. தலையிடி, நித்திரையில்லை என்று அவர் போகும்போதெல்லாம் வலி மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். வேறு எதையும் யாரும் கேட்டதில்லை. பெற்ற பிள்ளைகளிடமே சொல்லாததை அன்று முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னார். கேட்டவர் மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு, "அடுத்த ஆள் வாங்க" என்றார். அதன் பிறகு மருத்துவரும் வரவில்லை, மாத்திரையும் வரவில்லை, குழுவினரும் திரும்பவில்லை. "அன்று கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை திரும்ப வருமோ?" என்று அவர் எங்களிடம் கேட்கிறார். இரவில் அவரைத் தனியே விடப் பயந்து, எங்களில் ஒருவர் மாற்றி ஒருவர் அந்த வீட்டில் படுத்துக்கொள்கிறோம். பகலில் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் இதை எத்தனை காலம் செய்வது, ஐயா? பதில் சொல்ல ஆளில்லாத கேள்வியை எதற்காகக் கேட்டார்கள்?

4. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். அழுத்தம் கூடியிருந்தால் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போய்விடுவதில்லை. மனத்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? அரசின் மனநல உதவித் தொலைபேசி எண்ணான 14416-க்கு அழைக்கச் சொல்கிறார்கள். ஆறு பேர் படுக்கும் அறையில் யாருக்கும் கேட்காமல் யார் பேசுவது?

5. குடியுரிமை இல்லாதவர்கள் என்று இதைத் தள்ளிவைக்கவும் முடியாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 18-ஆம் பிரிவில், அரசு மனநல சேவைகளில் சிகிச்சை பெறும் உரிமையை ஒவ்வொரு நபருக்கும் தருகிறது; குடிமகனுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. மனநல மருத்துவர் எப்போதும் உடனிருக்க வேண்டும் என்றும் நாங்கள் கேட்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அகதிகள் முகமையும் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டி, பயிற்சி பெற்ற பொது மருத்துவர்களே மனச்சோர்வைக் கவனிப்பதற்காக எழுதப்பட்டதுதான்.

6. ஆகவே, பரிசோதனையைப் பதிவு நாளிலிருந்து பிரித்து, பெண்களிடம் பெண் ஊழியரே தனியறையில் கேட்கவும், விடைகள் வருவாய்த் துறை ஏடுகளுக்குப் போகாது என்று எழுத்தில் உறுதி தரவும், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் மாதம் ஒருமுறையாவது முகாமுக்கு வரவும் ஆணையிடுமாறு வேண்டுகிறோம்.

7. இவையெல்லாம் கோப்பில் ஏறி இறங்க நாளாகும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று கேட்கிறோம்: அன்று "ஓம்" என்று சொன்னவர்களைப் பார்க்க இந்த வாரமே ஒரு மருத்துவரை அனுப்புங்கள். அடுத்த படிவம் அதற்குப் பிறகு வரட்டும்.

இப்படிக்கு,
முகாம் வாழ் பெண்கள் குழுவினர்